வீட்டுத் தோட்டத்தில் அஸ்பாரகஸ் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர், தளி, கெலமங்கலம் பகுதிகளிலும் தருமபுரிச் சமவெளியிலும் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் அஸ்பாரகஸ் பற்றி என்னிடம் கேட்டவற்றையும், தொடக்கத்தில் நானே விடை தெரியாமல் தடுமாறியவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். குளிர்நாட்டு வழிகாட்டிகளில் உள்ளபடியே வளர்த்தால் இந்தச் செடி நம் ஊரிலும் உயிர் பிழைக்கும். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் தண்டுகள் மெலிந்து தூர் ஓய்ந்துபோகும். அதற்கான காரணத்தையும் மாற்று வழியையும் சொல்வதற்கே கீழே கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

அஸ்பாரகஸும் நம் ஊர்த் தண்ணீர்விட்டான் கிழங்கும் ஒன்றுதானா?

இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால் வெவ்வேறு செடிகள். நம் மலைக்காடுகளில் புதர்களின் மேல் ஏறிப் படரும் தண்ணீர்விட்டான், சதாவரி என்ற பெயரில் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படுவது. அதில் பயன்படுவது கொத்துக் கொத்தாகத் திரண்டிருக்கும் கிழங்கு வேர். காய்கறியாக உண்ணப்படும் அஸ்பாரகஸ் அஃபிசினாலிஸ் என்னும் இனத்திலோ மண்ணிலிருந்து நிமிர்ந்து வரும் இளந்தண்டுதான் உணவு. பூங்கொத்துகளில் ரோஜாவுக்கு இடையே செருகப்படும், இறகு போன்ற மெல்லிய பசுந்தழையும் இதே பேரினம்தான் என்பது ஓசூரில் பூ வளர்ப்போருக்குத் தெரிந்திருக்கும். அதைக் காய்கறியாக உண்பதில்லை.

இந்தக் குழப்பத்தில் நானே ஓர் ஆண்டைத் தொலைத்திருக்கிறேன். முதன்முறை ஒரு நாற்றுப் பண்ணையில் ‘அஸ்பாரகஸ்’ என்று சீட்டு ஒட்டிய 12 நாற்றுகளை வாங்கி வந்து, பாத்தி கட்டி, முறையாகத் தண்ணீர் விட்டு வளர்த்தேன். ஒருநாள் களையெடுக்கும்போது கொடி புறங்கையைக் கீறியது. கண்ணருகே பிடித்துப் பார்த்தபோது, கணுக்களில் பின்னோக்கி வளைந்த முட்கள் வரிசையாக இருந்தன. சீட்டில் பொய் ஏதும் இல்லை. பேரினத்தின் பெயரை எழுதியிருந்தார்கள், இனத்தின் பெயரை எழுதவில்லை, அவ்வளவுதான். காய்கறி அஸ்பாரகஸின் தண்டில் இப்படி வளைந்த முள் இராது. தண்டோடு ஒட்டிய சிறு முக்கோணச் செதில்களே இருக்கும். நாற்று வாங்குவோர் தண்டை இரு விரல்களுக்கு இடையே மேலும் கீழுமாக ஒருமுறை உருவிப் பார்த்து, முள் தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்தச் செடி எப்படி வளர்கிறது?

மண்ணுக்குள் இருக்கும் தூரே இதன் உயிர். தூரிலிருந்து பென்சில் பருமனில் சதைப்பற்றான வேர்கள் பல கிளம்பிப் பக்கவாட்டிலும் ஆழத்திலும் ஓடுகின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு குதிர் போல உணவைச் சேர்த்து வைத்திருக்கும். தூரில் உள்ள மொட்டுகள் அந்தச் சேமிப்பை உண்டுதான் தண்டாக மேலே வருகின்றன. வெட்டாமல் விட்ட தண்டு ஆள் தோள் உயரத்துக்கு வளர்ந்து, கிளைத்து, சோம்புச் செடியின் தழை போல விரிந்து, வெயிலில் உணவு தயாரித்து மறுபடியும் வேருக்கு அனுப்புகிறது. வெட்டும் தண்டு செலவு என்றால் விரிய விடும் தழை வரவு. நம் பகுதியில் இந்த வளர்ப்பு தோற்றுப்போன தோட்டங்களில் நான் பார்த்தவரை, நோயும் உரக்குறைவும் பின்னால் வந்தவை. வரவுக்கு மிஞ்சிய செலவே முதலில் நடந்தது.

குளிர்நாட்டுப் பயிராயிற்றே, நம் வெயிலைத் தாங்குமா?

தாங்கும், வெயிலைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்ததும் தழை காய்ந்து தூர் உறங்கிவிடும். குளிர் விலகியதும் மொட்டுகள் ஒருசேரக் கிளம்பும். ஆறு முதல் எட்டு வாரம் வரை வருவதையெல்லாம் வெட்டிவிட்டு, அதற்குப் பின் வருபவற்றை வளர விட்டுவிடுவார்கள். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில்கூட மார்கழி, தை இரவுகளின் குளிர் தூரை முழு உறக்கத்துக்கு அனுப்பப் போதாது. தருமபுரியில் அந்த அளவு குளிரும் கிடையாது. ஆகவே செடி ஆண்டு முழுவதும் இரண்டும் மூன்றுமாகத் தண்டு விட்டுக்கொண்டே இருக்கும். வரும்போதெல்லாம் வெட்டினால் தூருக்கு ஓய்வே கிடைக்காது.

வெப்ப நாடுகளில் இதற்கு இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. பெரு நாட்டின் மழையில்லாத கடற்கரைப் பாலையில் பாசனத்தை நிறுத்தி, வறட்சியால் தூரை உறங்க வைக்கிறார்கள். தைவானிலும் தாய்லாந்திலும் தூருக்குச் சில தண்டுகளை மட்டும் தழையாக நிற்க விட்டு, அவை உணவு அனுப்பிக்கொண்டிருக்கும்போதே மற்றவற்றை வெட்டுகிறார்கள். நிற்க விடும் அந்தத் தண்டுக்குத் தாய்த்தண்டு என்று பெயர். முதல் வழி நம் ஊருக்குப் பொருந்தவில்லை என்பது என் அனுபவம். பங்குனியில் தண்ணீரை நிறுத்திவிட்டு நாம் காத்திருக்கும்போது, சித்திரையில் திடீரென்று ஒரு கோடை மழை பெய்து, அரைகுறையாக உறங்கிய தூரை எழுப்பிவிடும். எனவே இங்கே தாய்த்தண்டு முறையையே பரிந்துரைக்கிறேன். அதன் விவரம் பின்னால் வருகிறது.

எந்த இடத்தில் நட வேண்டும்? மண் எப்படி இருக்க வேண்டும்?

நாளுக்கு எட்டு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடம் வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டுக்கு ஒரு மாமரம் இருப்பது வழக்கம்; அதன் நிழலில் ‘சும்மா கிடக்கும் இடம்’ என்று இதை நடுவது வீண் வேலை. ஒருமுறை நட்டால் 10 ஆண்டுகளுக்கு மேல் இருக்கக்கூடிய செடி என்பதால், பின்னாளில் வீட்டை நீட்டிக் கட்டவோ போர்வெல் போடவோ எண்ணியிருக்கும் மூலையையும் தவிர்க்க வேண்டும்.

நீர் வடியும் செம்மண்ணும் மணல் கலந்த வண்டலும் ஏற்றவை. களிமண்ணாக இருந்தால் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்தாக வேண்டும், ஏனெனில் ஐப்பசி மழையில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே தூர் அழுகத் தொடங்கும். மண்ணின் கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருப்பது நல்லது. புளிப்பு மண் இதற்கு ஆகாது என்பதால், நடுவதற்கு முன் மண் பரிசோதனை செய்து, 6-க்குக் கீழே இருந்தால் மட்டும் விவசாயச் சுண்ணாம்பு சேர்க்கலாம்.

விதையா, தூரா? எந்த ரகம்?

வெளிநாடுகளில் ஓராண்டு வளர்ந்த தூரைத் தோண்டி விற்பார்கள். நம் பகுதியில் நல்ல தூர் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வழியில் காய்ந்தும் பூசணம் பிடித்தும் வருவது உண்டு. விதையிலிருந்து தொடங்குவதே சரி. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘யூசி 157’ என்னும் கலப்பின ரகம் வெப்பமான பகுதிகளுக்கு ஏற்றது. ‘மேரி வாஷிங்டன்’ விதை எளிதில் கிடைக்கும், விளையும். ஆனால் வெயில் காலத்தில் அதன் தண்டு முனை விரைவில் விரிந்துவிடுகிறது என்பது என் தோட்டத்தில் கண்டது.

விதையை எப்போது, எப்படி விதைப்பது?

மாசியில் விதைத்து ஆனியில் நடுவது எனக்கு ஒத்துவந்திருக்கிறது. ஐப்பசியின் பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். விதையை ஒரு நாள் முழுவதும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் சரிபாதி கலந்த குழித்தட்டிலோ சிறு பையிலோ 2 சென்டிமீட்டர் ஆழத்தில், குழிக்கு ஒன்றாக ஊன்ற வேண்டும். முளைக்க இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும். முளைத்து வருவது ஒரு பச்சை நூல் போலத்தான் இருக்கும். கோரைப்புல்லின் முளையைவிட மெல்லியது. ‘புல் முளைத்திருக்கிறது’ என்று என் வீட்டிலேயே ஒரு தட்டை முழுவதும் பிடுங்கிச் சுத்தம் செய்துவிட்டார்கள். ஆகவே தட்டில் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.

நடவு செய்யும் முறை என்ன? எத்தனை செடிகள் தேவைப்படும்?

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 20 செடிகள் போதும். வளர்ந்த தூர் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ கால் கிலோ தரும் என்று வைத்துக்கொள்ளலாம். செடிக்குச் செடி 40 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 120 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். இவ்வளவு இடமா என்று முதலாண்டில் தோன்றும். காற்றோட்டம் எவ்வளவு தேவை என்பது மழைக்காலத்தில் தெரியும்.

பாத்தியை இரண்டு அடி ஆழத்துக்குக் கொத்தி, கோரைக் கிழங்கையும் அருகம்புல் வேரையும் ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பின்னால் தூரைக் காயப்படுத்தாமல் அவற்றை எடுக்கவே முடியாது. ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பாண்டு நன்கு மக்கிய தொழு உரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து, 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வாய்க்கால் இழுத்து, அதன் அடியில் நாற்றை வைத்து, முதலில் 3 முதல் 5 சென்டிமீட்டர் மட்டுமே மண் மூட வேண்டும். செடி உயர உயர, இரண்டு மூன்று மாதங்களில் சிறிது சிறிதாக மண்ணைத் தள்ளி வாய்க்காலை நிரப்பலாம். முதலாண்டில் வரிசைகளுக்கு இடையே கொத்தமல்லி, சிறுகீரை போன்ற மேல்வேர்ப் பயிர்களைப் போடலாம்.

எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்? போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால்?

முதலாண்டில் மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்பின் கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாகப் பாய்ச்சினால் போதும். அஸ்பாரகஸ் உப்புத்தன்மையை மற்றக் காய்கறிகளைவிட நன்றாகத் தாங்கும் பயிர் என்பதால், நம் போர்வெல் தண்ணீரில் வளர்ந்த செடி வளர்வதில் தடையில்லை. இளம் நாற்றுகளுக்கு மட்டும் மழைநீரோ குடிநீரோ கிடைத்தால் நல்லது. கடின நீர் சொட்டுநீர்த் துளைகளை அடைத்துவிடும் என்பதால் அவற்றை அவ்வப்போது கழற்றித் தட்டிப் பாருங்கள். தழையின் மேல் தெளிக்கும் பாசனம் வேண்டவே வேண்டாம்.

களையை அடக்க உப்புப் போடலாம் என்று படித்தேன். உண்மையா?

மேலைநாட்டில் இருந்த பழைய வழக்கம் அது. செடி தாங்கும், மண் தாங்காது. நம் தண்ணீரில் இருக்கும் உப்பே போதும்.

என்ன உரம், எப்போது?

ஆண்டுக்கு இருமுறை, ஆடியிலும் தையிலும், தூரைச் சுற்றி ஒரு பாண்டு தொழு உரம் இட்டு மண் அணைக்க வேண்டும். தாய்த்தண்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் செடிக்கு ஒரு கைப்பிடி ஊறிய கடலைப் புண்ணாக்குக் கரைசல் விட்டால் புதுத்தண்டு தடித்து வருவதைக் கண்டிருக்கிறேன். கேழ்வரகுத் தாளை மூடாக்காகப் போடலாம். ஆனால் தூரை ஒட்டி ஒரு சாண் இடம் விட்டுப் போடுங்கள், இல்லையேல் கரையான் ஏறும்.

முதல் அறுவடையை எப்போது எடுக்கலாம்?

நட்டு ஓராண்டு முடியும் வரை ஒரு தண்டைக்கூட வெட்டக் கூடாது. இரண்டாம் ஆண்டில் மூன்று வாரம் மட்டும், பென்சிலைவிடத் தடித்தவற்றை வெட்டிச் சுவை பார்க்கலாம். மூன்றாம் ஆண்டு முதல்தான் முறையான அறுவடை. தாய்லாந்தில் வணிகமாக வளர்ப்போர் இதைவிட முன்னதாகவே தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் சில ஆண்டுகளில் தோட்டத்தை அழித்து மறுநடவு செய்யும் கணக்கில் நடத்துகிறவர்கள். வீட்டுக்கு அந்த அவசரம் தேவையில்லை.

தாய்த்தண்டு முறையைப் படிப்படியாக விளக்குங்கள்.

ஒரு தூரில் வரும் தண்டுகளில் நேராக, தடிப்பாக, ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி வரும் நான்கைந்தை மட்டும் தேர்ந்து வளர விடுங்கள். எல்லாம் ஒரே பக்கமாக அமைந்தால் காற்றில் சாய்ந்து தூரையே பெயர்த்துவிடும். இடுப்பளவு உயர்ந்ததும் இருபுறமும் குச்சி நட்டு, சணல் கயிற்றை இரண்டு வரிசையாக இழுத்து அணைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 120 சென்டிமீட்டரில் நுனியைக் கிள்ளி, தரையிலிருந்து ஒரு முழம் வரை உள்ள பக்கக் கிளைகளை நீக்கினால் அடிப்பகுதியில் காற்று ஓடும்.

அடுத்து வருவது பொறுமை தேவைப்படும் கட்டம். தழை முழுவதும் விரிந்து, வெளிர்பச்சை நிறம் மாறிக் கரும்பச்சையாக முற்றுவதற்கு ஐந்தாறு வாரங்கள் ஆகும். அதுவரை அறுவடை கூடாது. முற்றிய பின், புதிதாக வரும் தண்டுகளையெல்லாம் எட்டு முதல் பத்து வாரம் வரை வெட்டிக்கொள்ளலாம். தண்டுகள் பென்சிலைவிட மெலிந்து வரத் தொடங்கினால், நாள் கணக்கைப் பார்க்காமல் அன்றே நிறுத்திவிட வேண்டும். பிறகு புதிதாக நான்கைந்து தண்டுகளைத் தேர்ந்து வளர விட்டு, அவை விரிந்ததும் பழைய தாய்த்தண்டுகளை மண்ணை ஒட்டி வெட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

இந்தச் சுற்று ஆண்டுக்கு மூன்று முறை வரும். ஆவணிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை பெய்யும் மழையில் புதுத் தாய்த்தண்டு வளர்த்தால் தண்டுக் கருகல் நோய் அதைத்தான் முதலில் தாக்கும். ஆகவே ஆடிக்குள் ஒரு தொகுதியை முற்ற வைத்து, மழைக்காலம் முழுவதையும் அதைக் கொண்டே கடத்திவிட்டு, கார்த்திகையில் மழை ஓய்ந்த பிறகு அடுத்ததை மாற்றுவது என் வழக்கம்.

தண்டை எப்படி வெட்டுவது?

முனை மூடிய மொட்டுப் போல இறுகியிருக்கும்போது, 18 முதல் 22 சென்டிமீட்டர் உயரத்தில், காலை வெயில் ஏறுவதற்கு முன் வெட்ட வேண்டும். நல்ல வெப்ப நாளில் ஒரு தண்டு ஒரே நாளில் 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிடும் என்பதால், ‘நாளைக்கு வெட்டலாம்’ என்று விட்டது மறுநாள் முனை விரிந்து நார் பாய்ந்து நிற்கும். கோடையில் காலை, மாலை இருவேளையும் பாத்தியைப் பார்த்தாக வேண்டும். கத்தியை மண்ணுக்குள் ஆழமாகச் செருகாதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் கிளம்பிக்கொண்டிருக்கும் அடுத்த மொட்டு அறுபட்டுவிடும்.

மழைக்காலத்தில் தண்டின் அடியில் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன. என்ன செய்வது?

நீள்வட்டப் பழுப்புப் புள்ளிகளின் நடுவே ஊசிமுனை அளவில் கருப்புப் பொட்டுகள் தெரிந்தால் அது தண்டுக் கருகல். மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறிக்கும்போது பூசண வித்துகள் தண்டில் ஏறுகின்றன. மூடாக்கு இடுவதும், அடிக்கிளைகளை நீக்குவதும், சொட்டுநீர் மட்டுமே விடுவதும் இதைத் தடுக்கத்தான். பாதிக்கப்பட்ட தண்டை வெட்டி எரித்துவிட வேண்டும், எருக்குழியில் போடக் கூடாது. மழை தொடங்கும் முன் தாய்த்தண்டின் அடிப்பகுதியில் 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த பூசணக்கொல்லி) தெளிப்பது உதவும். தெளித்தபின் வரும் தண்டுகளைக் கழுவாமல் சமைக்க வேண்டாம்.

தழை முழுவதும் துரு நிறப் பொடி படிந்தால் அது துரு நோய். நெருக்கி நட்ட பாத்திகளில்தான் மிகுதி.

பூச்சித் தொல்லை?

குளிர்நாட்டுப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதப்படும் அஸ்பாரகஸ் வண்டை என் தோட்டத்தில் ஒருமுறைகூடக் கண்டதில்லை. இங்கே தொல்லை தருபவை இலைப்பேன், அசுவினி, இரவில் இளமுனையைக் கடிக்கும் புழு, மழைக்கால நத்தை ஆகியவை. முதல் இரண்டுக்கும் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். புழுவையும் நத்தையையும் டார்ச் விளக்குடன் போய்க் கையால் பொறுக்குவதைவிடச் சிறந்த வழியை நான் காணவில்லை. மயிலுக்கு வலைதான்.

சில செடிகளில் சிவப்புப் பழம் காய்க்கிறது. அவற்றை நீக்கிவிட வேண்டுமா?

அஸ்பாரகஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பழம் காய்ப்பவை பெண். ஆண் செடிகள் கூடுதலான தண்டுகளைத் தரும். பெண் செடியில் எண்ணிக்கை குறைந்தாலும் தண்டு பெரும்பாலும் தடிப்பாக இருக்கும். 20 செடிகள் உள்ள வீட்டில் பெண்ணைப் பிடுங்கி எறிய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பழங்களைப் பச்சையாக இருக்கும்போதே உருவிவிடுங்கள்: கீழே விழுந்து முளைத்தால் களையாகிவிடும்; மேலும் அவை உண்ணத்தக்கவை அல்ல, குழந்தைகள் கண்ணில் படக் கூடாது.

மாடியில், தொட்டியில் வளர்க்கலாமா?

செடிக்கு 50 லிட்டர் கொள்ளளவும் ஒன்றரை அடிக்கு மேல் ஆழமும் உள்ள தொட்டி இருந்தால் சில ஆண்டுகள் வளரும். பாதி நீளம் வெட்டிய பழைய டிரம் இதற்குச் சரியாக இருக்கும். தரையில் கிடைக்கும் ஆயுளை எதிர்பார்க்க வேண்டாம்.

கடையில் வெள்ளை நிறத் தண்டு பார்த்தேன். அது தனி ரகமா?

இல்லை. மண்ணைக் குவித்து, வெயில் படாமல் வளர்த்த அதே தண்டு.

எப்படிச் சமைப்பது? சாப்பிட்ட பின் சிறுநீரில் நாற்றம் வருகிறதே?

அடிப்பகுதியின் தோலைச் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கி, கடுகு, மிளகாய் தாளித்து, மூன்று நான்கு நிமிடம் மட்டும் வதக்கித் தேங்காய்த் துருவல் சேர்த்தால் பொரியல் தயார். முருங்கைக்காயைப் போலக் குழம்பில் போட்டு வேகவிட்டால் கூழாகிவிடும். நாற்றத்துக்குக் காரணம், இதிலுள்ள கந்தகச் சேர்மமான அஸ்பாரகசிக் அமிலம் உடலில் சிதைவதுதான், கெடுதல் இல்லை. இதில் வைட்டமின் கே இருப்பதால், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்போர் அளவு குறித்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வெட்டியதை உடனே சமைக்க முடியாவிட்டால், ஒரு டம்ளரில் சிறிது தண்ணீர் ஊற்றி, அடி நனையும்படி நிறுத்தி, பிரிட்ஜில் வைத்தால் ஐந்தாறு நாள் தாங்கும்.

நான்காம் ஆண்டில் தண்டுகள் மிகவும் மெலிந்துவிட்டன. தூரைப் பிரித்து நடலாமா?

முதலில் அறுவடையை நிறுத்தி, வருவதையெல்லாம் மூன்று மாதம் தழைய விடுங்கள். தேறவில்லையென்றால் ஒரு தூரின் ஓரத்தில் களைக்கொத்தால் மெல்லத் தோண்டி, ஒரு வேரை மட்டும் வெளியே எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல வேர் வெளிர்நிறமாக, முள்ளங்கி போல் கெட்டியாக இருக்கும். அது செலவு மிகுந்த தூர், ஓய்வு கொடுத்தால் மீளும். அழுத்தியதும் வேர் தட்டையாகி, உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் தோலுறையாக, செந்நிறம் பாய்ந்து இருந்தால் அது ஃபியூசேரியம் அழுகல். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை, பிரித்து நட்டால் நோயும் கூடவே போகும். அந்தத் தூரை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, புது நாற்றை அதே பாத்தியில் வைக்காமல் தோட்டத்தின் வேறு மூலையில் வைக்க வேண்டும். பழைய பாத்தியில் அஸ்பாரகஸ் அல்லாத எதை வேண்டுமானாலும் நடலாம். நான் கேழ்வரகு விதைத்தேன், நன்றாக வந்தது.